வீம்புக்காரனோடு ஆடுதல்

போக்கர் ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் சொல்லும் பாலபாடம் ஒன்றுண்டு: வீம்புக்காரனை மிரட்டிப் பார்க்காதே. கையில் ஒன்றுமில்லாமல் பெருந்தொகை கட்டினால், மற்றவன் கடதாசியைக் கவிழ்த்து விலகுவான். வீம்புக்காரன் விலகான், விலகுவது அவனுக்குத் தலைகுனிவு. ஆகவே நல்ல கடதாசி வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் தாராளமாகக் கட்டினால் போதும். அவனே பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவான். கணக்காகப் பார்த்தால் இதிற் பிழையில்லை. அறமாகப் பார்த்தால்?

பொகவந்தலாவை லயங்களில் போக்கரைவிட 304 தான் அறிமுகமான ஆட்டம். நாலு பேர், இரண்டு சோடி, 32 கடதாசிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76. நாலு இனமும் சேர 304. முதல் நாலு கடதாசியை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். 160க்குக் கேட்டு வென்றால் ஒரு கல் வரும், தோற்றால் இரண்டு கல் போகும். அடக்கம் பழக்கவே செய்த சட்டம்போலத் தோன்றும். ஆனால் எதிரே இருப்பவர் வாய் திறக்கிறார்: "என்னாண்ணே, அவ்வளவுதானா?" 160இல் நிற்க வேண்டிய கேள்வி 200ஐத் தாண்டிவிடுகிறது.

போக்கர் பாடம், இருக்கிற வீம்பை அறிந்து நடப்பது. இதுவோ உறங்குகிற வீம்பைத் தட்டியெழுப்புவது. இரண்டும் ஒன்றென்று எனக்குப் படவில்லை. ஆட உட்காருபவன், தன்னை எதிராளி அளந்து பார்ப்பான் என்பதற்குச் சம்மதித்தே உட்காருகிறான். தன்னைக் குழப்பிக் கெடுப்பதற்கு அவன் சம்மதிக்கவில்லை.

பாரதத்தில் சகுனி, காய் உருட்டுமுன்பே வென்றுவிட்டான். தருமருக்குச் சூதில் ஆசையுண்டு, திறமை போதாது, அழைத்தால் மறுக்கமாட்டார் என்று துரியோதனனிடம் முன்னரே சொல்லிவிடுகிறான். மறுப்பது அரச குலத்துக்கு இழுக்கு என்ற எண்ணமே தருமருக்குக் கண்ணியாயிற்று. சகுனி தருமரை நன்கு அறிந்திருந்தான் என்பதற்காக நாம் அவனை வெறுப்பதில்லை. அந்த அறிவைக் கொண்டு அழைப்பு அனுப்ப வைத்தானே, அதற்காகத்தான்.

(வகுப்பறையிலும் இதே கருவி உண்டு. "உன்னால முடியாதா?" என்றால் பிள்ளை கணக்கைச் செய்துவிடும். பின்னொரு நாள் அதே கேள்வியை வேறொருவன் லயத்து மூலையில் கேட்டாலும் அது எழுந்து நிற்கும்.)

பிறர் வீம்பைத் தூண்டாமல் வெல்லவே முடியாதா? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், லிப்ரேட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை போக்கர் வீரர்களுடன் 20 நாட்களில் 120,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. எதிராளியின் பலவீனத்தைத் தேடிப்போவது அதன் வழியாக இருக்கவில்லை. பகலில் அவர்கள் தன் ஆட்டத்திற் கண்டுபிடித்த ஓட்டைகளை இரவில் அடைத்துக்கொண்டது, அவ்வளவே.

கல்லுக்கு ஆடும்வரை தோற்றவனுக்குக் கேலி மட்டுமே மிஞ்சும். சம்பள நாளில் கல்லின் இடத்துக்குக் காசு வரும்போது கதை வேறு. சூதை மதுவுடன் சேர்த்து விலக்கும் திருக்குர்ஆன் (5:90-91), அவற்றால் மனிதரிடையே விளையும் பகைமையையும் வெறுப்பையும் எடுத்துக்காட்டுகிறது. பண நட்டத்தை அங்கே பேசவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்தை நெடுங்காலம் கேட்டு, 2021இல்தான் வர்த்தமானியில் கண்டவர்கள் நம் தோட்டத் தொழிலாளர். "அவ்வளவுதானா?" என்ற ஒரு சொல்லுக்காக வைக்கப்படும் அந்தக் காசில் வீட்டு அரிசியும் பிள்ளையின் கொப்பியும் இருக்கின்றன. பாஞ்சாலியைப் போலவே, அந்த வீட்டாரும் ஆட்டத்தில் உட்காரவில்லை.