முள் விழுந்த நேரம்

பழவேற்காட்டில் படகு ஓட்டும் என் மச்சான், மோட்டாரின் சுற்று வேகம் காட்டும் ஒரு டேக்கோமீட்டரைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு கடம்பத்தூருக்கு வந்தான். "மாமா, முள்ளு நல்லாத்தான் நிக்குது. திடீர்னு பூஜ்யத்துல விழுந்துடுது. அப்புறம் அதுவா எழுந்துக்குது."

மேசையில் பேட்டரி கொடுத்து, பழைய பைக் காயிலிலிருந்து துடிப்பும் கொடுத்துப் பார்த்தேன். விருந்தாளியைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கொள்ளும் பிள்ளை மாதிரி மீட்டர் ஒழுங்காக ஓடியது. அரை நாள் காத்திருந்தும் முள் விழவில்லை.

முழுக்கக் கெட்ட பொருள் நேர்மையானது. எரிந்த காயில் எரிந்ததாகவே கிடக்கும். வந்து வந்து போகிற கோளாறு பெரும்பாலும் பொருளில் இருக்காது, இரண்டு பொருள் சேரும் இடத்தில் இருக்கும். இது தெரிந்தும் முதலில், மின்சாரத்தை ஒருதிசையாக்கும் ரெக்டிஃபயரைத்தான் மாற்றச் சொன்னேன். மச்சானுக்குக் காசு நஷ்டம், எனக்கு வெட்கம்.

மறுவாரம் நானே கிளம்பினேன். சென்னை போய் லைன் மாறி, பொன்னேரியில் இறங்கிப் பஸ். அதே ரயிலில் இறங்காமல் போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி போன் எடுக்காத நாளெல்லாம் அம்மா சாப்பிடமாட்டாள்.

அவுட்போர்டு மோட்டாரின் டேக்கோமீட்டர் இன்ஜினை நேரே பார்ப்பதில்லை. ஃப்ளைவீல் காந்தம் சுற்றும்போது சார்ஜிங் காயிலில் எழும் துடிப்பை ஓர் ஒயர் வழியாக எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான். 12 துருவக் காயில் என்றால் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 300. எந்தக் கணக்கில் எண்ணுவது என்று மீட்டரின் முதுகில் ஒரு சின்னத் திருகு இருக்கும்.

மீட்டரைப் படகில் மாட்டிக் கிளம்பினோம். ஏரி நடுவில் முள் விழுந்தது. சத்தம் மாறவே இல்லை. ஆனாலும் மச்சான் கை தானாக த்ராட்டிலைக் குறைத்தது. என் நெஞ்சும் ஒரு கணம் குறைந்தது. ஓடுகிற இன்ஜினை நாங்கள் இருவரும் நின்றுவிட்டதாக நம்பினோம். நின்றது சேதி மட்டும். வீட்டில் அம்மா தட்டைத் தள்ளிவைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

சார்ஜிங் பக்கம் கோளாறோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தோம், முள் எழவில்லை. மீட்டரின் முதுகில் தட்டியதும் எழுந்தது. சாவியை அணைத்து, தொடுமுனை துடைபடட்டும் என்று திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலமுறை திருப்பி, பழைய எண்ணிலேயே நிறுத்தினேன். ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்பது சைவ சித்தாந்திகள் கட்சி. மெக்கானிக் ஒப்பமாட்டான், உப்புக் காற்று என்பான். எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடுகள் 31. அவை தாங்கியது ஆயிரம் ஆண்டு. அதே செம்பு மயிரிழையாகி, இன்னொன்றைத் தொட்டுக்கொண்டே நிற்கவேண்டிய இடத்தில் சில மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. தொட்டு நிற்பதுதான் கஷ்டமான வேலை போலும்.

சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவினேன்.

கரை திரும்பும்போது முள் 3,000இல் அசையாமல் நின்றது. மச்சான் அதைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.