பசுபதி தரிசனமும் பார்க்கப் போவாரும்



பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மையே நம் சித்தாந்தத்தின் உயிர்நிலை என்பது தாங்கள் அறிந்ததே. அவற்றுள் முன்னிரண்டன் பெயரையுஞ் சேர்த்துத் தன் திருநாமமாகக் கொண்டு இறைவன் எழுந்தருளியிருக்குந் தலங்கள் சில உள. நம் நாட்டிற் கருவூரானிலையும் ஆவூர்ப் பசுபதீச்சரமும் அத்தகையன. இமயச் சாரலிலே, நேபாளத்துக் காட்மாண்டு நகரில், வாக்மதி யாற்றின் மேல்கரையில் விளங்கும் பசுபதிநாதர் திருக்கோயிலும் அத்தகையதே. சென்ற ஆண்டு அன்பர் சிலருடன் அங்குச் சென்று வணங்கும் பேறு யாம் பெற்றோம். அங்கே கண்டதனையும், கண்டு நாணியதனையும், பாடங்கேட்கும் அன்பர் ஒருவர் எம்மை வினாவியதனையும் ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

பயண ஏற்பாடு செய்தவர் வகுத்த நிரலிற் பசுபதி கோயிலுக்கு ஒதுக்கிய காலம் ஒன்றரை மணி. கடைவீதிக்கு ஒதுக்கியது மூன்று மணி. இதனை அவர்மீது குற்றமாகக் கூறுகின்றிலேம். கேட்டவர் நம்மவரே.

கோயில் மரத்தாலும் செங்கல்லாலும் இயன்று, பொன்முலாம் பூசிய ஈரடுக்குக் கூரையுடையது. மேலைவாயிலெதிரே பேருருவினதாகிய விடை பொற்பூச்சுடன் படுத்திருக்கின்றது. மூலலிங்கத்தில் நாற்றிசைக்கும் நான்கு முகங்கள் உள. ஐந்தாவதாகிய ஈசானம் உருவின்றி மேனோக்கியது. கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம், மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம் என ஆகமத்திற் படித்தவற்றை ஒவ்வொரு வாயிலாக நின்று காணுங்கால் எம் முதிய கண்கள் நீர் சொரிந்தன. இலிங்கத்தைத் தீண்டிப் பூசிப்போர் தென்னாட்டினின்றும் சென்ற பட்டர்கள், பெரும்பாலுங் கருநாடகத்தவர். இம்முறையைச் சங்கரர் வகுத்தனர் என்பது அங்குள்ளார் வழக்கு. அவர் மதம் நமக்கு உடன்பாடன்றாயினும், தென்னாட்டுக் கை வடகோடியிற் பூவிடும்படி அமைந்தது பற்றி யாம் மகிழ்ந்தோம். 2009-ஆம் ஆண்டில் அரசினர் இப்பட்டர்களை நீக்கி உள்நாட்டாரை நியமிக்க முயன்று, எதிர்ப்பு மிகவே அதனைக் கைவிட்டனர்.

இனி, அந்நாட்டிற் சமயங்கள் விரவிக் கிடக்கும் வகை நம்மவர்க்குப் புதிது. பசுபதி கோயிலுக்கு அணித்தே பௌத்தநாதம் என்னும் பெருந்தூபம் உளது. நகரின் மறுபுறத்துக் குன்றின்மேற் சுயம்பு உளது. இவையும் பசுபதி கோயிலும் பிறவுஞ் சேர்த்து ஏழிடங்களை உலகப் பாரம்பரியச் செல்வமென 1979-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டுக் கழகம் ஏற்றது. பௌத்தராகிய சாக்கியர் குடியிற் பிறந்த சிறுமியைக் குமாரியெனக் கொண்டு இந்துக்கள் வணங்குவர். இவற்றினும் வியப்பாவது, ஆண்டிலொருநாள் பசுபதி இலிங்கத்திற்குப் புத்தர் முடியைச் சாத்திப் பூசிக்கும் மரபே.

இதனைக் கேட்டவுடன் எம்முடன் வந்த அன்பர், “ஐயா, சித்தியார் பரபக்கத்திற் பௌத்தர் நால்வரையும் வரிசையாக நிறுத்தி மறுத்தோமே, இங்கே நம் பெருமானே அம்முடியைத் தரித்துக்கொண்டானே! பாடம் பொய்யோ, இம்முடி பொய்யோ?” என்றனர். வழிகாட்டியாக வந்த இளைஞர் இடைபுகுந்து, “எல்லாம் ஒன்றுதான், சார்” என்றார். நம்மவர் பலரும் தலையசைத்தனர். யாம் அசைத்திலேம். எல்லாம் ஒன்றேயாயின் இத்துணைத் தொலைவு வந்து வேறுவேறாகக் காண வேண்டியது என்னை? ஒன்றெனக் கூறுதல் எளிது. அங்ஙனங் கூறியபின் இரண்டனுள் எதனையும் ஆராய வேண்டுவதில்லை.

அன்பர்க்கு யாம் கூறியது இது: பரபக்கத்தில் மறுக்கப்படுவது கொள்கை. உயிரென ஒரு பொருள் இல்லை, எல்லாங் கணந்தோறும் அழியும் என்பன இமயத்தில் நின்று கேட்பினும் நமக்கு உடன்பாடாகா. உயிர் இல்லையேல் பசு இல்லை; பசு இல்லையேல் பசுபதி என்னும் பெயர்க்கே பொருளில்லை. ஆயினும் அதே அருணந்தி சிவாசாரியர் சுபக்கத்திற் சொல்வது யாது? எவர் எத்தெய்வத்தைக் கருதி வழிபடினும், அவ்வழிபாட்டை அறிந்து ஏற்றுப் பயனளிப்பவன் சிவனே என்பதன்றோ? ஏனைத் தெய்வங்கள் பிறந்திறந்து உழல்வன ஆதலின், வணங்குவோன் அன்பு வீண்போகாமற் காக்க வல்லான் ஒருவன் வேண்டும். அம்முடி சாத்துவோர் தம்மிடத்து உள்ள சிறந்ததனைக் கொண்டுவந்து வைக்கின்றனர். அவன் ஏற்கின்றான். அவன் ஏற்றமையாற் கணபங்கவாதம் நிலைபெற்றதாகாது. நாம் அதனை மறுத்தமையால் அவன் ஏலாதொழியவும் மாட்டான். மறுத்தல் வேறு, இகழ்தல் வேறு. பௌத்தநாதத்தை வலம்வருங்கால் எம்மை இன்னாரென்று எவரும் வினவிற்றிலர் என்பதனையும் யாம் நினைத்துப் பார்த்தோம்.

பசுபதி கோயில் வாயிலிலோ இந்துக்களல்லாதார் புகலாகாதென எழுதப்பட்டுள்ளது. அது தகுமா தகாதா என்பது ஈண்டைக்கு விசாரணையன்று. அதனால் விளைவதனை மட்டுங் கூறுவோம். உட்புக இயலாத பிறநாட்டார் யாற்றின் கீழ்கரைக்குச் சென்று படிகளில் அமர்கின்றனர். அங்கே சிறு சிவாலயங்கள் வரிசையாக உள. அங்கிருந்து கோயிலின் கூரை தெரியும். எதிர்க்கரையில் எரியுஞ் சிதைகளோ நன்றாகத் தெரியும். இறைவனை மறைத்துச் சாவை மட்டும் உலகத்தார்க்குக் காட்டுகின்றோம்.

பிரேதத்தைச் சரிந்த கல்லின்மேற் கிடத்திப் பாதங்களை நீரிற் படுவித்து, வாயில் வாக்மதி நீரை வார்த்துப் பின் சிதையேற்றுகின்றனர். வடபால் ஆரியகட்டம், 2001-இல் அரண்மனையிற் கொல்லப்பட்ட பீரேந்திர மன்னரை எரித்தது அவ்விடத்தே. பாலத்துக்குத் தென்பால் ஏனையோர்க்குரியது. (எரிவதற்கும் மேல் கீழ் உண்டு போலும்!) 2015 ஏப்பிரலில் நிலநடுக்கம் நேர்ந்து ஏறத்தாழ ஒன்பதினாயிரவர் மாண்டபோது இக்கட்டங்களில் நெருப்பு ஓயவில்லை. சங்காரம் என்பது உயிர்களின் இளைப்பை ஒழித்தற்கு இறைவன் செய்யும் அருட்செயலே என நம் நூல்கள் கூறுவதனைப் பலமுறை பாடஞ்சொல்லியிருக்கின்றோம். அதனைக் கண்முன் காணக்கிடைத்த இடம் அது. அவ்விடத்தில் யாம் கண்டது என்னை? உட்சென்று தரிசித்து நெற்றியில் நீறு காயாத நம்மவருள் நால்வர், அக்கரைப் படியில் நின்று கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். தலைமழித்த மகன் ஒருவன் தந்தைக்குக் கொள்ளி வைத்து நிமிர்ந்து நோக்கினான். நோக்கியது எம் குழுவை. அவர்களைத் தடுத்திருக்க வேண்டும். யாமும் ஒரு நாழிகை வாய்திறவாது அக்காட்சியையே பார்த்து நின்றோம் என்பதனை ஒப்புக்கொள்கின்றோம்.

அருகில் உடல் முழுதும் நீறு பூசிய சடாதாரி ஒருவர் படத்திற்குப் பணங் கேட்டார். “வேடதாரி” என நகைத்தார் ஒருவர். வேடம் பொய்யென்று தெரிந்தபின்னும் அதனையே பொருளெனக் கொண்டு உயிர்விட்ட மெய்ப்பொருணாயனார் நினைவுக்கு வரவே, யாம் வணங்கி நூறு உரூபாய் கொடுத்தோம். படம் வேண்டாவென்றபோது அவர் சிறிது திகைத்து, எம் நெற்றியில் தம் கையால் நீறிட்டார்.

ஊர் திரும்பியபின் ஒரு மாலை, வினாவிய அன்பரே தாம் எடுத்த படங்களைக் காட்ட வந்தார். அந்நால்வருள் அவரும் ஒருவர். கூரை, விடை, தூபம் என வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் அப்படம் வந்தவுடன் விரலை நிறுத்தினார். யாம் ஒன்றுஞ் சொல்லவில்லை. சிறிது நேரங் கழித்துத் தாமே அதனை அழித்துவிட்டுக் கைப்பேசியை மடியிற் செருகிக்கொண்டார். பின்பு பரபக்கப் பாடம் எந்த இடத்தில் நின்றதென்று கேட்டார். மாத்தியமிகன் மறுப்பில் நின்றது என்றோம்.