வெட்கம் எதில் இருக்க வேண்டும்?

வட்டி ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். வட்டிக்கு விட்டுப் பிழைப்பவர் வீட்டில் கை நனைக்கவும் நம் முன்னோர் தயங்கினார்கள். ஆனால் இன்று வட்டி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதில்லை. சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டையாக வந்து, நம்மோடு தொழுகைக்கும் வந்து போகிறது. கிரெடிட் கார்டு என்பது அதன் பெயர்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் ஒரு சிறு வியாபாரியை எண்ணிக்கொள்வோம். தறிக்காரர்களிடம் பட்டுச் சேலை வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவர். சேலை போய் மாதங்கள் ஆகியும் கடைக்காரரிடமிருந்து பணம் வரவில்லை. மழைக்காலம், குழித்தறியில் தண்ணீர் ஏறி நெசவும் நின்றுவிட்டது. நெய்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். வீட்டிலோ மகளுக்குப் பிரசவ நேரம். இரவு எட்டு மணிக்கு ஏ.டி.எம். எந்திரத்தின் முன் நின்று, அட்டையைச் செருகி இருபதாயிரம் ரூபாய் எடுக்கிறார். எந்திரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதலுக்கு விலை என்ன? கடையில் பொருள் வாங்கினால், பழைய பாக்கி இல்லாதவருக்கு ஏறக்குறைய 45 நாள் வரை தவணை உண்டு. கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. ரொக்கமாக எடுத்தாலோ அந்தத் தவணை கிடையாது. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதற்கு முன்பே 'கட்டணம்' என்று நூற்றுக்கு இரண்டரை ரூபாய் பிடிப்பது பல வங்கிகளின் வழக்கம். கட்டணம், வட்டி இரண்டின் மீதும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கட்டணம் 500, அதற்கு வரி 90. ஆக 590 ரூபாய். ஒரு மாத வட்டி 700, அதற்கு வரி 126. ஆக 826 ரூபாய். அசலைத் தொட முடியாமல் மாதந்தோறும் இந்த 826 ரூபாயை மட்டும் கட்டி வந்தால், ஓராண்டில் அவர் கொடுத்தது 10,502 ரூபாய். அசல் இருபதாயிரம் அப்படியே நிற்கும்!

நம் ஊர்களில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வாங்குபவரை 'மூன்று வட்டிக்காரர்' என்று முகம் சுளித்துச் சொல்வோம். அட்டை வாங்குவது மூன்றரை வட்டி. அதை மட்டும் ஏன் நாகரிகம் என்கிறோம்?

'சட்டம் அனுமதிக்கிறதே' என்று சிலர் சொல்லக்கூடும். தனியாரின் கந்து வட்டி, மீட்டர் வட்டிகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே வந்தது. கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. நாட்டின் சட்டம் இன்று ஒன்று சொல்லும், நாளை வேறு சொல்லும். முஃமினின் அளவுகோல் அதுவல்ல.

'நான் வட்டி வாங்கவில்லை, கொடுக்கத்தானே செய்கிறேன்' என்பது இன்னொரு சமாதானம். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லாரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. உயிர் போகும் நெருக்கடியில் இருப்பவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் எது நெருக்கடி, எது வசதி என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளாமல் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் தெளிவு தேவை. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்தது. அட்டையால் ரொக்கம் எடுப்பது வங்கியிடம் வாங்கும் கடனே என்று அது முடிவு செய்தது. கடன் தொகையோடும் காலத்தோடும் கட்டுப்படாத, செய்த வேலைக்கு மட்டுமான நிலையான கட்டணம் வட்டியாகாது. அதற்கு மேற்பட்டது வட்டியே. நூற்றுக்கு இத்தனை என்று தொகையோடு ஏறும் கட்டணம் எந்தப் பக்கம் சேரும் என்பதை வாசகர்களே உணரலாம். வட்டி நிபந்தனை உள்ள அட்டையைக் கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் கூடாது என்றே அந்த அகாடமி கூறிற்று. இதில் மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் உண்டு. ஆனால் நம் வியாபாரி எடுத்த ரொக்கத்துக்குத் தவணையே இல்லை என்பதால், அந்தக் கருத்து வேற்றுமையில் அவருக்கு இடம் கிடைக்காது.

இதோடு நிறுத்திவிட்டால் ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மழை பெய்த அந்த இரவில் அவர் ஏன் எந்திரத்திடம் போனார்? அவரோடு ஒரே ஸஃப்பில் தோள் ஒட்டி நின்று தொழுதவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரிடம் கேட்க அவருக்கு ஏன் நா எழவில்லை?

கேட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். 'இவருக்கே இந்த நிலையா?' என்ற பேச்சு மறுநாள் தெருவெல்லாம் நடக்கும். மகளின் மாமியார் வீட்டுக்கும் போகும். எந்திரம் யாரிடமும் சொல்லாது. ஆகவே அவர் கொடுத்த மூன்றரை வட்டியில் ஒரு பங்கு, நம் நாவுக்குப் பயந்து கொடுத்தது. கடன் கேட்பதை நாம் அவமானமாக்கினோம். வட்டி கொடுப்பதை ரகசியமாக்கி எளிதாக்கினோம். வெட்கம் இருக்க வேண்டிய இடம் மாறிப்போயிற்று.

கடன் கேட்பது இழிவல்ல. நாயகம் (ஸல்) அவர்களே கடன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியதைச் சிறப்பாகத் திருப்பியும் கொடுத்திருக்கிறார்கள். கடனை எழுதிக்கொள்ளும்படியும், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படியும் திருமறை அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இதைவிட மரியாதையான ஏற்பாடு எது?

தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு, மக்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாமல் கடன் கொடுத்து வழி காட்டியது. நம் மஹல்லாவிலும் இருபது வீடுகள் சேர்ந்தால் இதைத் தொடங்கலாம். மூன்று நிபந்தனைகள் போதும். கடன் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கியவர் பெயர் பொறுப்பாளர் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. வாங்கியவர் சொன்ன நாளில் திருப்ப வேண்டும். முடியாவிட்டால் ஒளியாமல் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும். இரண்டாவதை நாம் காப்பாற்றாவிட்டால் மக்கள் எந்திரத்திடம்தான் போவார்கள். மூன்றாவதை அவர்கள் காப்பாற்றாவிட்டால் நிதியே மூழ்கிவிடும்.

ஏற்கெனவே அட்டையில் சிக்கியவர்களுக்கு ஒரு சொல். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் வந்ததை அன்றே கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நிம்மதி அடையாதீர்கள். பாக்கி தீரும்வரை அந்த அட்டையில் எதையும் வாங்காதீர்கள். புதிதாக வாங்கியதற்கும் தவணை போய்விடும். வீட்டில் இருக்கும் ஒரு நகையை விற்றாவது கழுத்தை விடுவித்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் நம்பிக்கையான ஒரு சகோதரரிடம் மனம் திறந்து சொல்லுங்கள்.

நம்மிடம் ஒருவர் அப்படி வந்து சொன்னால், கொடுக்க முடியாவிட்டாலும் நாவையாவது அடக்கி வைப்போம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வட்டியை விட்டும், ஒரு சகோதரனை வட்டியின் பக்கம் தள்ளிய பாவத்தை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.