கூட்டாஞ்சோறும் முதியோர் நட்பும்

நெல்லைச் சீமையினின்று மும்பைக்குக் குடிபெயர்ந்தோர் கூட்டாஞ்சோறு என்னும் சொல்லை நன்கறிவர். சிறுவர் பலர் கூடித் தத்தம் இல்லத்தினின்று அரிசி, பருப்பு, காய் என்று ஆளுக்கொன்று கொணர்ந்து சமைத்துண்ணும் விளையாட்டு அது. மராட்டியர் இதற்கு நெருங்கிய ஒன்றை அங்கத் பங்கத் என்பர். அவரவர் வீட்டில் ஆக்கியதை எடுத்துவந்து, வரிசையாய் அமர்ந்து, பகிர்ந்துண்பது அது. பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியதென்று கருதப்படும் இவ்வழக்கத்தை நரைத்த தலையினர் மேற்கொள்ளலாமா, மேற்கொண்டால் விளைவது நட்பா அன்றி வயிற்று நிறைவு மட்டுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பாண்டுப்பில் வாழும் நம் முதியோரை நோக்குவோம். லால்பகதூர் சாஸ்திரி மார்க்கத்தின் இருமருங்கும் இருந்த ஆலைகளை நம்பி இங்கு வந்தோர் பலர். அவ்வாலைகளிற் பல மூடப்பட்டு, அவ்விடங்களில் மாடிக் குடியிருப்புகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. சாலில் வாழ்ந்த நாளில் கோலியின் கதவுகளெல்லாம் ஒரே நடையை நோக்கியிருந்தன. ஒருவர் வீட்டில் தாளித்தால் பத்து வீட்டார் அறிவர். ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாவிடினும் அறிவர். 1995-இல் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் அமைந்தபின், குடிசைகளிலும் சால்களிலும் இருந்த பலர் அடுக்குமாடிகட்கு மாறினர். குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்தன. அது நன்மையே, பழைய துன்பத்தை இன்பமென்று பாடுவார் கூட்டத்தில் நாம் சேரோம். ஆயினும் குழாயடி போயிற்று, அதனோடு குழாயடிப் பேச்சும் போயிற்று. மகனும் மருமகளும் காலை லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடிய பின், மூடிய கதவினுள்ளே ஆறிய சோற்றைத் தனியே உண்ணும் மூதாட்டி எம்மாடியில் இருக்கிறார் என்பதை அடுத்த கதவினரும் அறியார்.

இதற்கு மருந்தாகச் சிலர் அன்னதானத்தைக் கூறுவர். முதியோரை அழைத்து வயிறார உணவளிப்பது நல்லறமே. பாத்திரமேந்திய மணிமேகலையின் கதையைப் போற்றும் நாம் அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் பசி வேறு, தனிமை வேறு. பசித்தவனுக்கு உணவு வேண்டும். தனித்தவனுக்கோ, தன்னாலும் பிறர்க்கு ஒன்று ஆகும் என்னும் நம்பிக்கை வேண்டும். அன்னதானப் பந்தியில் முதியவர் எந்நாளும் பெறுபவராகவே இருக்கிறார். கூட்டாஞ்சோற்றிலோ கையில் ஒரு டப்பாவுடன் வருகிறார். அவர் ஆக்கிய புளிக்குழம்பை மற்றொருவர் உண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றும் அக்கா என்று கேட்கிறார். உமக்கு வயதாயிற்று, நீர் ஒன்றும் கொண்டுவர வேண்டா என்று அன்பாற் சொல்கிறோம். அச்சொல், கொடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை.

கொடுத்தல் அரிதென்பர், கொடுத்ததை ஏற்றல் அதனினும் அரிது. மகாகாசியபர் வரலாற்றை நினைக. தொழுநோயாளன் ஒருவன் தான் உண்டுகொண்டிருந்த உணவில் ஒரு கவளத்தை அவர் பாத்திரத்தில் இட்டான். இடும்போது அழுகிய விரலும் அற்று அதனுள் வீழ்ந்தது. தேரர் ஒரு சுவரருகே அமர்ந்து அருவருப்பின்றி அக்கவளத்தை உண்டார். ததாகதர் தம் இறுதி உணவைக் கொல்லன் சுந்தனிடம் ஏற்றார். நோயுற்ற பின்னரும், அவ்வுணவை அளித்ததற்காகச் சுந்தன் மனம் வருந்தலாகாது என்று ஆனந்தரிடம் சொல்லியனுப்பக் கருதினார். உண்டவரின் பெருமை இங்கே உணவின் சுவையில் இல்லை, இட்டவன் மனம் நோகாமற் காத்ததில் உள்ளது. தோழி கொணர்ந்த பொரியலில் உப்பு மிகுந்திருந்தால் நாம் என் செய்கிறோம் என்பதும் இவ்வகைச் சோதனையே.

நிற்க. உடனுண்ணல் நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்கன்று. தனிக் குவளையையும் திண்ணைக்கு வெளியே இட்ட இலையையும் கண்ட முதியோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்து நீரைப் பருகியதற்காக நம் மக்கள் அடிபட்டனர். இன்று மும்பையின் பெரும்பகுதி பருகும் நீர் பாண்டுப் நீர்நிலையத்தில் தூய்மையாக்கப்பட்டுச் செல்கிறது. அக்குழாய் எவ்வீட்டாரின் சாதியையும் கேட்பதில்லை. நீரில் ஒழிந்த பேதம் அடுக்களையில் ஒழிந்ததா?

இந்நகரிலேயே 1840-களின் இறுதியில் பரமஹம்ச மண்டலி என்றொரு கூட்டம் இருந்தது. அதிற் சேர்வோர், சாதிக்கட்டை மீறியதற்கு அடையாளமாக, வேற்று மதத்தார் சுட்ட ரொட்டியை உண்டனர். ஆனால் மறைவில் உண்டனர். 1860-ஆம் ஆண்டளவில் உறுப்பினர் பட்டியல் வெளியாகவே கூட்டமும் கலைந்தது. கேரளத்துச் சேராயில் 1917-இல் சகோதரன் அய்யப்பன் புலையரோடு வெளிப்படையாகச் சமபந்தி நடத்தினார். ஊரார் அவரைப் புலையன் அய்யப்பன் என்று இகழ்ந்தனர், அவரோ அப்பெயரைப் பெருமையாகக் கொண்டார். மறைவில் உண்ட சோற்றிற்கும் வெளியில் உண்ட சோற்றிற்கும் உள்ள தொலைவு இதுவே.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. சமபந்தியால் மட்டும் சாதி ஒழியாது என்பதை பாபாசாகேப் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் தெளிவாக உரைத்தார். ஒருமுறை கூடி உண்டுவிட்டு, கை கழுவியதும் அவரவர் வீட்டுக்குள் அவரவர் சாதியோடு புகுதல் எளிது. ஆண்டுக்கொரு விழாவாக நடக்கும் விருந்தை நாம் பெரிதாகக் கொள்ளாததும் அது பற்றியே. புகைப்படம் எடுப்பதோடு அது முடிந்துவிடும்.

அடிக்கடி நிகழ்வதே நட்பாகும். கோசிங்க சால வனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் பாலும் நீரும் கலந்தாற்போல வாழ்ந்ததை நூல்கள் கூறும். பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு, குடிக்கவும் கழுவவும் நீர் வைப்பார். இறுதியில் வருபவர், வேண்டின் எஞ்சியதை உண்டு, பாத்திரங்களை எடுத்துவைத்துப் பெருக்குவார். குடம் ஒருவரால் தூக்க முடியாத சுமையாயின், பேசாமற் கையசைத்து மற்றவரைத் துணைக்கழைப்பார். ஐந்து நாட்கொருமுறை இரவெல்லாம் அறவுரையில் அமர்வர். இவர்களுள் விருந்தளிப்பவர் யார், விருந்தினர் யார்? நம் வீடுகளில் பெண்டிரே பாத்திரம் கழுவுகின்றனர். அம்மூவரும் ஆடவர் என்பதை நம் பெரியவர்கள் கவனிப்பாராக!

ஆகவே பௌர்ணமிதோறும் ஒருவர் இல்லத்தில் பகலுணவுக்குக் கூடலாம் என்பது நம் கருத்து. அழைப்பவர் சோறும் நீரும் வைத்தாற் போதும். சமைக்கத் தெரியாத தாத்தா நிலையத்தருகே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வரட்டும். கையில் காசில்லாதவர் இலையை நறுக்கட்டும். இனிப்பு நோயுள்ளோர்க்கும் பல்லில்லாதோர்க்கும் ஏற்றது ஒன்றேனும் இருக்கவேண்டும். யார் என்ன கொணர்ந்தார் என்று உரக்கப் படிக்கும் வழக்கம் மட்டும் வேண்டா. அது வறியவரை மறுமுறை வாராதிருக்கச் செய்யும்.

முழங்கால் வலியால் மாடியிறங்க மாட்டாதவர்க்கு ஒரு டப்பாவில் எல்லாவற்றிலும் சிறிது எடுத்துச்சென்று, அவர் உண்ணும் வரை உடனிருக்கவேண்டும். பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித்தரும் வழக்கம் நம் தாய்மார்க்கு இல்லை. அவர் எழுந்து சென்று, ஜாடியினின்று இரண்டு துண்டு எலுமிச்சை ஊறுகாயை அதிலிட்டு நீட்டுவார். வேண்டா என்று சொல்லாமல் அதை வாங்கிவந்து பந்தியில் வைக்க.