சுவையும் பொறுப்பும்

நாவலொன்றைப் படித்து முடித்தவரிடம் அதுபற்றிக் கேட்டால், “எனக்குப் பிடித்தது” என்பார். அல்லது “பிடிக்கவில்லை” என்பார். ஏன் என்று மேலும் வினவினால், “அது எனது சொந்த அபிப்பிராயம்” என்று பேச்சை முடித்துவிடுவார். இம் மறுமொழி பணிவுடையது போலத் தோன்றினும், உண்மையில் அது விவாதத்தின் வாயிலை அடைத்துத் தாழிடுகின்றது. வாசகன் தன் சுவைக்குப் பொறுப்பாளி அல்லனா? அண்மையில் நாம் படித்த மூன்று நாவல்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், 1790இல் வெளியிட்ட தமது நூலில் இங்கு பயன்படும் வேறுபாடொன்றைக் காட்டினார். ஒரு பானம் தனக்கு இனிக்கின்றது என்று ஒருவர் சொன்னால், அக்கூற்று அவரோடு முடிந்துவிடும். ஒன்றினை அழகியது என்று சொல்பவரோ பிறரும் அதனை ஒப்புதல் வேண்டும் என்று எதிர்பார்க்கின்றார். ஆகவே அவர் பிறருக்கு விடைகூறக் கடமைப்பட்டவராகின்றார். இதுவரை காண்டுடன் நாம் உடன்படலாம். ஆனால் அழகு பற்றிய தீர்ப்பு எவ்வித நலனும் கலவாதது என்று அவர் கருதியதை நாவலுக்குப் பொருத்துவது கடினம். நாவலின் பொருள் மனிதர். மனிதர்மீது நாம் கொள்ளும் இரக்கமும் வெறுப்பும் நாம் பிறந்து வளர்ந்த சமூக நிலையினின்றும் எழுவன.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் வெளிவந்தது. எம். எம். உவைஸ் அதனைக் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழாக்கினார். தென்னிலங்கைக் கிராமமொன்றில் ‘மகாகெதர’ என்னும் பெருமனை மெல்லமெல்லச் சிதைவுறுகின்றது. குலப்பெருமையிற் குறைந்தவன் என்று அம்மனையார் ஒதுக்கிய பியல், கொழும்பிலே வணிகத்தாற் செல்வனாகின்றான். பின்னர் அவ்வீட்டு மகள் நந்தாவை மணக்கின்றான். இந்நாவலைப் படிப்போரிற் பலர் அப் பெருமனைக்காகவே கண்கலங்குவர். அச்சுவரின் வெடிப்பும் கூரையின் ஒழுக்கும் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. ஆசிரியரின் ஆற்றல் அத்தகையது. ஆயின், அப்பெருமை எவருடைய உழைப்பின்மீது நின்றது என்ற கேள்வியை அவ்விரக்கம் எழவொட்டாது தடுக்குமாயின், அது யார் பக்கம் நிற்கும் இரக்கம்? வீழும் வளவுக்கு இரங்கும் நாம், அவ் வளவின் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டவனுக்கு அதே அளவு இரங்கினோமா?

இரண்டாவது நூல், தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’. சுந்தர ராமசாமி அதனைத் தமிழில் தந்துள்ளார். ஆலப்புழையில் மலம் அள்ளும் மக்களின் மூன்று தலைமுறைக் கதை அது. சுடலைமுத்து தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று உறுதி பூணுகின்றான். அவனுக்கு மோகனன் என்று பெயரிடுகின்றான், பள்ளிக்கு அனுப்புகின்றான், காசு சேர்க்கின்றான். அதன்பொருட்டுத் தன் தோழரின் சங்கத்தையும் காட்டிக்கொடுக்கின்றான். இறுதியில் மகனும் மலவாளியையே தூக்க நேருகின்றது.

சுடலைமுத்துவைத் துரோகி என்று தீர்ப்பளிப்பது எளிது. அத்தீர்ப்புப் பிழையும் அன்று. எனினும், தன் பிள்ளை தன் நிலையினின்றும் உயரவேண்டும் என்ற அவனது ஆசை, நமது ஊர்களில் ஒவ்வொரு தந்தையும் தாயும் போற்றும் ஆசையன்றோ? மகனை உத்தியோகத்தனாக்குதற்குக் காணி விற்கும் தந்தையைத் தியாகி என்கின்றோம். ஊரார் எக்கேடு கெட்டாலும் தன் பிள்ளை தப்பினாற் போதும் என்று அவர் ஒதுங்கும்போது அதனை விவேகம் என்கின்றோம். அதனையே தோட்டி செய்தால் துரோகம் என்கின்றோம். இந்நாவல் நம்மைச் சங்கடப்படுத்துவது இவ்விடத்திலேதான். தனிமனித உயர்வு விடுதலையாகாது என்ற அதன் முடிவு, தோட்டிக்கு மட்டுமன்றி நமக்கும் உரியது.

மூன்றாவது, கே. டானியல் 1972இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’. யாழ்ப்பாணத்துத் தீண்டாமைக் கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் பொருளாகக் கொண்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தில் நேரிற் பங்குகொண்டவர் அதன் ஆசிரியர். “பொருள் நன்று, ஆனால் கலையழகு போதாது” என்பது இந்நூல் பற்றி அடிக்கடி கேட்கும் அபிப்பிராயம். இதனை முழுவதும் தள்ளுவதற்கில்லை. நிகழ்ச்சிகள் நெருங்கி மோதுகின்றன. ஆசிரியர் கூற்றுச் சிலவிடத்து ஓங்கி ஒலிக்கின்றது. ஆயினும் இவ்வபிப்பிராயத்தின் வரலாற்றையும் நினைத்தல் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுமொழியிற் படைத்த எழுத்துகள் ‘இழிசனர் வழக்கு’ என்று இகழப்பட்டன. அங்கே மொழிச்சுவை என்று பேசியது சாதியே. இன்று ‘கலையழகு’ என்று பேசுபவர் அனைவரும் அவ்வாறே பேசுகின்றனர் என்பது நம் வாதமன்று. தம் தீர்ப்பில் எவ்வளவு கலை, எவ்வளவு பழக்கம், எவ்வளவு அச்சம் என்று ஒவ்வொருவரும் பிரித்தறிதல் வேண்டும் என்பதே.

நிற்க. முற்போக்காளரிடையேயும் ஒரு பொய்ம்மை உண்டு. நூலின் நோக்கம் நல்லது என்பதற்காக, படிக்கும்போது சலித்தவரும் வெளியே வந்து புகழுரை வழங்குகின்றனர். இது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் தொண்டாகாது. குறைந்த எழுத்து அவர்களுக்குப் போதும் என்று கருதுவது அவர்களை அவமதிப்பதாகும். கடமைக்காகப் புகழ்தலும் பழக்கத்தால் இகழ்தலும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். இரண்டும் காரணம் கூறுவதினின்றும் தப்பியோடுகின்றன.

பிடிக்காததைப் பிடித்தது என்று கூறும்படி எவரையும் நாம் வற்புறுத்தவில்லை. சுவை ஆணையிட்டு வருவதன்று. ஆனால் அது பயிற்சியால் விரிவது. ஆதலால் அதற்கு நாம் பொறுப்பாளிகள். பரீட்சைக்காகப் பிறர் அபிப்பிராயத்தை மனனஞ்செய்யும் மாணவனுக்கு, “உனக்கு எங்கே சலித்தது? எவர்மீது இரங்கினாய்? எவரை நீ கவனிக்கவே இல்லை?” என்ற மூன்று வினாக்களைக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. நாவலிற் கவனியாது விடப்பட்டவனையே நாம் வீதியிலும் கவனியாது கடந்து செல்கின்றோம்.

சொந்த அபிப்பிராயம் என்பது பிறந்தபோதே கிடைத்த சொத்தன்று. பிறர் நம்முள் விதைத்தவற்றைக் களைந்து, எஞ்சியதற்குக் காரணம் காட்டிய பின்னரே அதனைச் சொந்தம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டாகின்றது.