தலையில் செம்பு, காலில் சலங்கை

கரகம் தலைக்கு ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் தரையில் இருக்கும். பித்தளைச் செம்பு. உள்ளே மூன்று நான்கு கிலோ மணலோ அரிசியோ, கூடவே ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. வாயை அடைத்து, மேலே கூம்பாகக் கட்டிய பூ அலங்காரம். சுற்றிலும் கண்ணாடிச் சில்லுகள். உச்சியில் ஒரு கிளி. ஆடப்போகிற பெண் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இரண்டு கையாலும் தூக்கி உச்சந்தலையில் வைத்து, இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்தக் கைகளுக்குச் செம்போடு வேலையில்லை.

*

கரகாட்டம் பார்க்கிறவர்கள் காலைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கிளியைப் பார்ப்பார்கள். கழுத்தைப் பார்க்கலாம். சலங்கை கட்டிய கால் தவிலோடு போகிறது. இடுப்பு அதற்குத் தக்கபடி திரும்புகிறது. கழுத்து மட்டும் மேளத்தைக் காதில் வாங்கவே இல்லை என்று தோன்றும். இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதுவும் சும்மா இல்லை. நூலிழை அளவுக்கு இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. செம்பு ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது. கழுத்து அதற்கு அடியில் போய் நிற்கிறது. மறுபடி சாய்கிறது, மறுபடி போய் நிற்கிறது.

இதைப் பற்றி ஆடுகிற ஒரு பெண்ணிடம் கேட்டேன். “விழுந்துடுமோன்னு நெனச்சா விழுந்துடும்ணே. அது போற பக்கம் நாமளும் போயிடணும்” என்றார். சொல்லிக்கொண்டே சலங்கையின் வாரை இறுக்கிக் கட்டினார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மூச்சைக் கவனித்து உட்காரப் பழகுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனம் விலகும், கூட்டிவா. மறுபடி விலகும், மறுபடி கூட்டிவா. அதற்காக அவர்கள் சத்தமில்லாத அறை தேடுகிறார்கள். இங்கே அதே காரியம் உறுமிக்கும் பம்பைக்கும் நடுவில், ஊரே சுற்றி நின்று பார்க்க, ராட்டினக் கடையின் விளக்கு கண்ணைக் கூச வைக்க, நொடிக்கு நொடி நடக்கிறது.

*

கோயில் கரகம் வேறு, ஆட்டக் கரகம் வேறு. சக்திக் கரகம் ஆற்றங்கரையிலோ ஊர்க் கிணற்றடியிலோ ஜோடிக்கப்பட்டு, வேப்பிலை சூடி, விரதமிருந்தவர் தலையில் அம்மனாகவே வருகிறது. வழியெல்லாம் அதன் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கு முன்னால் ஆடிக்கொண்டு போவது ஆட்டக் கரகம். பின்னால் வருவதற்கு நீர் வார்த்துக் கும்பிடுகிற அதே தெரு, முன்னால் போவதைப் பார்த்துச் சீட்டியடிக்கிறது. இரண்டும் செம்புதான், இரண்டுக்கும் அடியில் இருப்பது மனிதக் கழுத்துதான்.

*

குடத்தை வைத்து ஆடுவது இந்த மண்ணில் எப்போது தொடங்கியது என்று தேடிப் போனால் சிலப்பதிகாரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று குடக்கூத்து. வாணனின் நகரத் தெருவில் மாயோன் ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல் அது. கரகத்தை அதன் வழித்தோன்றலாகக் கொள்வோர் உண்டு. நேர்க்கோடு போட்டுவிட முடியாது. நடுவில் எத்தனையோ நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பழைய கூத்தும் அரங்கத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படவில்லை, தெருவில்தான் தொடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிற்காலத்தில் ஆண்களே பெண் வேடமிட்டு ஆடினார்கள். பெண்கள் பரவலாக ஆட வந்தது அதற்கப்புறம். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படம் இந்த ஆட்டத்தின் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது.

*

குழுவுக்கு ஆண்டு என்பது மாசியில் தொடங்கி ஆடியில் முடிகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் நெருக்கமான மாதங்கள். வெயில் ஏற ஏற மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டிய ஊரிலெல்லாம் முளைப்பாரி, பால்குடம், பூக்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு ஊரில் விடியற்காலை முடித்துவிட்டு வேனில் ஏறித் தூங்கி, அடுத்த ஊரில் இறங்கி முகம் கழுவி, மறுபடி பொட்டு வைத்துக்கொள்கிற வாழ்க்கை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, கோவில்பட்டிப் பக்கத்துக் குழுக்களுக்கு இந்தச் சில மாதங்களின் கூலியில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும், மழைக்கால அடுப்பும், வாங்கிய கடனும் ஓடியாக வேண்டும்.

2020லும் 2021லும் அந்த மாதங்களையே கொரோனா எடுத்துக்கொண்டது. திருவிழாக்கள் நின்றன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் ஒன்று இருக்கிறது. அதில் பெயர் பதிந்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது. மற்றவர்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போனார்கள். சலங்கை பரணில் கிடந்தது. அந்த இரண்டு கோடையில் ஆட்டத்தை விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை.

*

நையாண்டி மேளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது தனி அனுபவம். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, கிடுமுட்டி, தமுக்கு, தாளம். பம்பை வெட்டி வெட்டிப் பேசும். தவில் அதைத் தட்டிக்கொடுத்து முன்னே தள்ளும். நாயனக்காரர் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஆடுகிறவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருக்கும். ஆடுகிறவர் குதிகாலால் ஒருமுறை தட்டினால் போதும், மேளம் மறு நடைக்கு மாறிவிடும். யார் யாரை நடத்துகிறார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் வைத்து எழுதிப் படித்ததல்ல இது. அப்பா வாசித்ததை மகன் கேட்டு, மாமா அடித்ததை மருமகன் பார்த்து வந்தது.

*

ஆடி மாதத்தில் வேறுவகை மேடைகளும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் பிறந்த நாளான ஆடித் திருவாதிரை சில ஆண்டுகளாக அரசு விழாவாக நடக்கிறது. கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரிக்கு விழா. இப்படிப்பட்ட மேடைகளில் கரகக் குழுவுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி. நல்ல விளக்கு, நல்ல ஒலிபெருக்கி, முன்வரிசையில் அதிகாரிகள். தேங்காய் மேல் நின்று காட்டுவார்கள், ஏணியில் ஏறிக் காட்டுவார்கள், சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். மரியாதை இருக்கிறது, ஆட்டத்துக்கு நேரம் இல்லை.

ஊர்த் திருவிழாவில் நேரம் இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கோயில் முன்பு வட்டம் கட்டினால் விடியும்வரை ஆட்டம்தான். உடம்பு சூடேறி, மேளம் பிடித்து, ஆட்டம் தன் போக்குக்கு வர ஒரு மணி நேரமாவது வேண்டும். அப்படி வந்தபின் கண்ணிமையால் தரையிலிருந்து ஊசி எடுப்பதைப் பார்க்க வேண்டும். செம்பு தலையில் நிற்க, முட்டி மடங்கி, உடம்பு மெல்லப் பின்னால் வளைந்து, முகம் மண்ணைத் தொடுகிற வரை போகிறது. மேளம் தணிகிறது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்க முடியாது. அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழுது நான் கேட்டதில்லை.

*

நள்ளிரவுக்கு மேல்தான் சிக்கல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடித்துவிட்டு வந்தவர்கள் முன்னால் வருவார்கள். பாவாடையைக் குட்டையாக்கச் சொன்னது யார்? இரட்டை அர்த்தப் பேச்சு கேட்டது யார்? முன்பணம் கொடுக்கும்போதே “கொஞ்சம் கலகலப்பா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனது யார்? குழு தானாக இறங்கி வந்ததில்லை; ஊர் இழுத்தது. இழுத்த ஊரே மறுநாள் “இந்த ஆட்டக்காரங்களே இப்படித்தான்” என்று பேசுகிறது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பழி அழைத்தவர்களுடையது.

ஒரு சமூகத்தின் பெயரை வைத்து ஆபாசமாக ஆடிவந்த குறவன் குறத்தி ஆட்டத்தை 2023இல் தமிழக அரசு தடை செய்தது. சரியான முடிவு. ஆபாசம் கூடாது என்று நீதிமன்றங்களும் நிபந்தனை போட்டே ஆட்டத்துக்கு அனுமதி தருகின்றன. அந்த நிபந்தனைகள் ஆடுகிறவர் மேல் விழுகிற அளவுக்குப் பார்க்கிறவர் மேல் விழுவதில்லை.

*

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்றுண்டு. கோயிலில் ஆடுவதற்கென்று அழைத்துவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் அதில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் குறித்திருக்கிறது. ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அரசன் கோயிலில் ஆடியவர்கள் வேறு, தெருவில் ஆடுகிறவர்கள் வேறு என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆடுகிற ஒருத்திக்கு முதலில் இருக்க ஒரு வீடு வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது, அதைக் கல்லில் எழுதியும் வைத்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பார்த்த ஊர்களில் பெரும்பாலும் ஆட்டக்காரப் பெண்கள் உடை மாற்றியது வேனுக்குள், சேலையைத் திரை பிடித்து. இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், செல்போன் வெளிச்சத்தில். ஒதுங்கப் போக இடம் கேட்டால் கண்மாய்க் கரையைக் காட்டுகிறார்கள். சாப்பாடு கடைசிப் பந்தி.

இந்தப் பங்குனியில் உங்கள் ஊர் விழாக் கமிட்டி கரகாட்டம் வைத்தால், தயவுசெய்து இவ்வளவு செய்யுங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிற ஒரு அறை, விளக்கோடு. பக்கத்திலேயே கழிப்பறை. ஒரு அண்டா தண்ணீர். முதல் பந்தியில் சாப்பாடு. பேசிய பணம், ஆட்டம் முடிந்த கையோடு. நடுராத்திரிக்கு மேல் வட்டத்துக்குள் நோட்டை நீட்டிக்கொண்டு எவனாவது நுழைந்தால், அவனை வெளியே கூட்டிப் போக ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கடைசி வரை உட்கார்ந்திருங்கள்.