கொடுத்தவள் இல்லாத படம்

தத்து என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வினைகள் உண்டு: கொடுப்பது, எடுப்பது. ஒரு கை கொடுத்து மறு கை வாங்கினால்தான் அந்தச் சொல் நிறைவடைகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும் பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் உண்மையாகவே நடந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு இருந்த இடம் மிகச் சிறியது என்பதையும் மறக்க வேண்டாம். தேவதாசி மரபு போன்ற சில விலக்குகளைத் தவிர்த்தால், பழைய சாஸ்திர வழக்கில் பெண் குழந்தையைத் தத்தெடுக்க வழியில்லை. ஒரு பெண் தனக்கென்று தத்தெடுக்கவும் வழியில்லை. கணவனின் வம்சத்துக்காகத்தான் எடுக்கலாம். மணமாகாத பெண் தத்தெடுக்கலாம் என்ற உரிமை 1956இல்தான் வந்தது. பிள்ளையைக் கொடுப்பதில் தகப்பனுக்கு இணையான உரிமை தாய்க்கு 2010இல்தான் கிடைத்தது. இத்தனை குறைகள் இருந்தும் அந்தச் சடங்கில் கொடுப்பவர் என்று ஒருவர் கண்ணெதிரே நின்றார். அவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்தன.

கொடுப்பவரே இல்லாத தத்து எப்படியிருக்கும்? இந்தக் கேள்வியோடு சில அமெரிக்கப் படப்புத்தகங்களைப் பார்க்கலாம்.

1992இல் நடைமுறைக்கு வந்த சீனத் தத்தெடுப்புச் சட்டம் வெளிநாட்டினருக்குக் கதவைத் திறந்தது. முப்பத்தைந்து வயதான, பிள்ளையில்லாத ஒருவர் மணமாகாதவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்றது. உலகின் பல நாடுகள் தனித்து வாழும் பெண்ணைத் தாயாக ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. சீனாவின் காப்பகங்களிலோ பெண் குழந்தைகள் நிறைந்திருந்தனர். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு சென்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2005இல் மட்டும் அமெரிக்கா சென்றவர்கள் ஏறத்தாழ 7,900 பேர். இந்தப் பிள்ளைகளுக்கு இரவில் படித்துக் காட்ட ஒரு கதை வேண்டியிருந்தது. அப்படி எழுதப்பட்டவைதான் இந்தப் புத்தகங்கள்.

இவற்றில் அதிகம் விற்றவற்றுள் ஒன்று ரோஸ் லூயிஸ் எழுதி ஜேன் டயர் ஓவியம் தீட்டிய 'ஐ லவ் யூ லைக் கிரேசி கேக்ஸ்' (2000). தன் சொந்த அனுபவத்தை லூயிஸ் மகளுக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். எலைசா தாமஸின் 'தி ரெட் பிளாங்கெட்' (2004) தனியாகச் சீனா சென்று மகளை அழைத்து வந்த இன்னொரு பெண்ணின் கதை. 'தி ஒயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்' (2002) நான்கு வீடுகளைப் பின்தொடர்கிறது. ஒன்றில் தனித்து வாழும் பெண். இன்னொன்றில் சேர்ந்து வாழும் இரு பெண்கள். ஒருபால் உறவாளர்களைச் சீன அரசு ஏற்கவில்லை, அத்தகைய இணையரில் ஒருவர் 'தனிப்பெண்' என்றுதான் தாளில் கையெழுத்திட முடிந்தது என்பதை அறிந்து படித்தால், அந்த நூலின் இளகிய நீர்வண்ணப் பக்கங்கள் வேறொரு கனம் கொள்கின்றன.

இந்த நூல்கள் செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். தகப்பன் எங்கே என்று இவற்றில் யாரும் கேட்பதில்லை. மேசையில் ஒரு நாற்காலி காலியாக இல்லை. அம்மாவும் மகளும் இருந்தால் அது முழுக் குடும்பம். விதவையும் கைவிடப்பட்டவளும் மட்டுமே தனித்தாயாகத் தோன்றிய கதையுலகில், தானே விரும்பி, தேடி, கடல் கடந்து போய்த் தாயான ஒரு பெண்ணைக் குழந்தைகளின் புத்தகத்தில் நிறுத்தியது சிறிய காரியமில்லை. தாய்மையைத் திருமணத்திலிருந்து பிரித்தெடுத்துக் காட்டப் பெண்ணியக் கட்டுரைகள் பல பக்கங்கள் எடுத்துக்கொண்டதை இவை முப்பத்திரண்டு பக்கங்களில் செய்துவிட்டன.

சிக்கல் கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. லூயிஸின் நூலில் குழந்தைக்கு ஒரு குறை, அவளுக்குத் தாய் இல்லை. பெண்ணுக்கு ஒரு குறை, அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டு குறைகளும் சந்திக்கின்றன, இரண்டும் நீங்குகின்றன. தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்கும் அழகான கதை இது. ஆனால் குழந்தை தாயில்லாமல் பிறக்கவில்லை. தாயில்லாமை அவளுக்கு நேர்ந்த ஒன்று. இன்னும் சரியாகச் சொன்னால், நேர்விக்கப்பட்ட ஒன்று. கதை காப்பகத்துத் தொட்டிலில் தொடங்குவதால் அதற்கு முந்தைய பக்கம் இல்லாமல் போகிறது.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? 1980 வாக்கில் தொடங்கி 2015 இறுதிவரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கை இருந்தது. அபராதமும் கட்டாயக் கருத்தடையும் இருந்தன. ஆண் வாரிசு கேட்கும் மாமனார் வீடு இருந்தது. பிள்ளையைக் கைவிடுவது சட்டப்படி குற்றம் என்பதால், கொடுப்பவர் முன்னே வந்து கொடுக்க வழியில்லை. ஆகவே குழந்தைகள் சந்தையிலும் பாலத்தடியிலும் காப்பக வாசலிலும், சில சமயம் பிறந்த நாள் எழுதிய ஒரு துண்டுத் தாளோடு, கண்டெடுக்கப்பட்டார்கள். பெற்றவளின் பெயர் மறைந்தது இயற்கையாக அல்ல. அதை மறைக்கும்படி சட்டம் அமைந்திருந்தது.

கே ஆன் ஜான்சன் என்ற அறிஞர், தாமும் சீனாவிலிருந்து ஒரு மகளைத் தத்தெடுத்தவர், சீனக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். மகளை வேண்டாம் என்று ஒதுக்கிய பெற்றோர் என்ற பொதுச் சித்திரம் போதாது என்கிறார் அவர். மகளை ஒளித்து வளர்த்தவர்கள், உறவினர் வீட்டில் விட்டுக் காத்தவர்கள், பிடிபட்டு இழந்தவர்கள் எனப் பலரை அவர் காட்டுகிறார். ஹுனான் மாநிலத்தில், குழந்தைகளைக் காப்பகங்களுக்கு விற்ற கும்பல் 2005இல் அம்பலமானது. அதே மாநிலத்தின் லோங்ஹுய் வட்டாரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அபராதம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து குழந்தைகளை எடுத்துச் சென்றதைச் சீன இதழொன்றே 2011இல் எழுதியது. தத்தெடுக்கும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் காப்பகத்துக்கு 3,000 டாலர் நன்கொடை தர வேண்டும் என்ற வழக்கம் இதற்கெல்லாம் எண்ணெய் ஊற்றியது. இதைச் சீனத்தின் தனிக் குறையாக நாம் ஒதுக்கிவிட முடியாது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள் தத்தாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது தெரியவந்ததும் 2005இல்தான்.

ஆக, கேள்வி இதுதான். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த விடுதலை, இன்னொரு பெண்ணுக்கு மறுக்கப்பட்ட விடுதலையின் வழியே வந்திருந்தால், அதை அவள் தன் மகளிடம் எப்படிச் சொல்வாள்?

இதற்கு அந்தத் தத்துச் சமூகம் கண்டுபிடித்த ஒரு விடை செந்நூல். சேர வேண்டியவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூல் ஒன்று பிணைத்திருக்கிறது என்ற சீனத் தொன்மம் கணவன் மனைவியரைப் பற்றியது. அதைத் தாய்க்கும் தத்துமகளுக்குமாக மாற்றிக்கொண்டார்கள். கிரேஸ் லின்னின் 'தி ரெட் த்ரெட்' (2007) அதை ஒரு தேவதைக் கதையாகவே ஆக்கியது. நம்மிடம் இதற்கு நெருக்கமான சொல் கொடுப்பினை. 'கொடுத்து வைத்தவள்' என்கிறோம். அந்தத் தொடரில் யார் கொடுத்தார் என்பது சொல்லப்படுவதே இல்லை. விதியின் மேல் பழியைப் போட்டால் அபராதச் சீட்டும் அதிகாரியும் மாமியாரும் ஒரே மூச்சில் மறைந்துபோகிறார்கள். நீயும் நானும் சேர வேண்டும் என்றே எழுதியிருந்தது என்றால், நீ உன் தாயைப் பிரிய வேண்டும் என்றும் எழுதியிருந்ததாகத்தானே பொருள்?

நான்கு வயதுப் பிள்ளைக்கு உறங்கும் நேரத்தில் இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உறக்கத்துக்கு முன் துயரம் ஆகாது என்பது எல்லா ஊர் வழக்கமும் அல்ல. நம் தாலாட்டுகள் அப்படி இல்லை. அடித்தது யார் என்று கேட்டு உறவுகளை ஒவ்வொன்றாய் விசாரிக்கும் பாட்டுகள் அவை. தாய்மாமன் சீரைப் பாடும் குரலிலேயே புகுந்த வீட்டின் புறக்கணிப்பும் பாடப்படும். வீட்டில் வேறு யாரிடமும் சொல்ல முடியாததைத் தாய் தொட்டிலிடம் சொன்னாள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினார்கள். உண்மை பிள்ளையின் உறக்கத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் பெரியவர்களுடையது.

லூயிஸ் இதை முற்றிலும் தவிர்த்தவர் அல்லர். கதையின் முடிவில் அந்த அம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு, பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாமல்போன சீனத் தாய்க்காக அழுகிறாள். நேர்மையான கண்ணீர் அது. அந்தப் பக்கம் இருப்பதால்தான் இந்த நூலோடு வாதாட நமக்கு மனம் வருகிறது. நான் நின்று யோசிப்பது அந்த ஒரு வினையைப் பற்றி: முடியவில்லை. முடியாமை பெற்றவளின் உடலிலோ வறுமையிலோ இருப்பதுபோல் அது ஒலிக்கிறது. அதற்குப் பதிலாக 'விடவில்லை' என்றிருந்தால்? 'உன்னை வளர்க்க அவளால் முடியவில்லை' என்பதற்கும் 'உன்னை வளர்க்க அவளை விடவில்லை' என்பதற்கும் நடுவில் ஓர் அரசு நிற்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடு புரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். விளையாட விடவில்லை, மழையில் நனைய விடவில்லை என்று நாள்தோறும் முறையிடுபவர்கள் அவர்கள். விடாத ஒருவர் இருக்கிறார் என்ற அறிவு அவர்களுக்கு நம்மைவிடக் கூர்மையானது.

ஆனால் 'விடவில்லை' என்பதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதிவிட முடியாது. மகன் வேண்டும் என்பதற்காக மகளைத் துறந்த வீடுகளும் இருந்தன. எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்றாவதாக ஒரு வினையும் வேண்டும்: தெரியவில்லை. மேரி கம்மிங்ஸின் 'த்ரீ நேம்ஸ் ஆஃப் மீ' (2006) இங்கே கைகொடுக்கிறது. அந்தச் சிறுமிக்கு மூன்று பெயர்கள். காப்பகம் வைத்தது ஒன்று, அமெரிக்கப் பெற்றோர் வைத்தது ஒன்று. பெற்றவள் வைத்த முதல் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாத பெயரையும் ஒரு பெயராகக் கணக்கில் சேர்த்தது அந்த நூலின் அறம்.

2007இல் சீனா தன் விதிகளை இறுக்கியது. மணமாகாதவர்கள் விலக்கப்பட்டார்கள், இரண்டாண்டாவது மணவாழ்வு, குறிப்பிட்ட அளவுக்குள் உடல் எடை என்று பட்டியல் நீண்டது. ஒரு பெண்ணிடம் உன் பிள்ளை அதிகப்படி என்று சொன்ன அதே அரசு, இன்னொரு பெண்ணிடம் நீ தாயாகத் தகுதியற்றவள் என்றது. எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கப்பட்ட இருவரும் உண்மையில் ஒரே மேசையின் முன் நின்றவர்கள். பெற்றவளா வளர்த்தவளா என்று கேட்டு இருவரையும் மோதவிடும் பழைய பஞ்சாயத்தில் பெண்ணியம் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டியதில்லை. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்பதே அதன் வேலை.

2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தை, உறவினர் போன்ற சில விலக்குகளோடு, முடித்துக்கொண்டது. இனி அந்த வகையில் புதிய கதைகள் வரப்போவதில்லை. மடியில் இருந்து கேட்டவர்கள் வளர்ந்துவிட்டார்கள். சிலர் மரபணுச் சோதனை செய்து பெற்றோரைத் தேடுகிறார்கள். சிலர் தேட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. வளர்த்தவள்மேல் அன்பு குறைந்ததால் யாரும் தேடப் புறப்படுவதில்லை. கதை இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கியது என்பதைத் தாங்களாகவே கண்டுபிடித்தவர்கள் அவர்கள். முதல் பக்கத்தை, அது வெற்றுத் தாளாகவே இருந்தாலும், கிழிக்காமல் கையில் கொடுத்திருக்க வேண்டிய கடமை அம்மாவுக்கு இருந்தது. அந்தக் கடமையை அவள் தன் மகளுக்கு மட்டுமல்ல, தான் ஒருபோதும் சந்திக்காத அந்த மற்றொரு பெண்ணுக்கும் பட்டிருக்கிறாள்.